தண்டனையும் காவலும்

தண்டனையின் நோக்கம் இரண்டு: செய்த குற்றத்திற்கு ஈடு விதித்தல், அக்குற்றம் மீண்டும் நிகழாமற் காத்தல். சிறாரிடம் பாலியற் குற்றம் புரிவோரைப் பொறுத்தவரை இரண்டாவதே கடினமானது.

2017ஆம் ஆண்டு மலேசியாவில் இயற்றப்பெற்ற சிறாருக்கெதிரான பாலியற் குற்றச் சட்டம் (792ஆம் சட்டம்) இவ்விரண்டையும் கருதுகிறது. 18 வயது நிரம்பாதார் அனைவரும் சிறாரே. உறவினர், ஆசிரியர் முதலிய நம்பிக்கைக்குரியார் குற்றம் புரிந்தால், உரிய தண்டனைக்கு மேல் 5 ஆண்டு வரை சிறையும், இரண்டுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. சிறையில் மறுவாழ்வு ஆலோசனை அளிக்கப்பெறும். விடுதலைக்குப் பின் 1 முதல் 3 ஆண்டு வரை போலீஸ் கண்காணிப்பு நீடிக்கும்.

ஆயினும், புகார் எழுந்தாலன்றிச் சட்டம் அசையாது. கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங் வட்டாரத் தோட்டங்களில் லயத்து வீடுகள் நெருங்கி நிற்பவை. எல்லாரும் எல்லாருக்கும் வேண்டியவர். இத்தகைய இடத்தில், மானத்திற்கு அஞ்சிப் பெரியவர் முன்னிலையில் பேசித் தீர்ப்பது எளிதாகத் தோன்றலாம். அங்ஙனம் தீர்த்தால் குற்றவாளிக்குத் தண்டனையுமில்லை, ஆலோசனையுமில்லை, கண்காணிப்புமில்லை. குழந்தையோ அவனை நாள்தோறும் எதிர்ப்பட வேண்டும். அறிந்தும் தெரிவியாமை இச்சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி குற்றமாகும். 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு.

கண்காணிப்புக் காலமும் ஒருநாள் முடியும். அதன்பின் விழித்திருக்க வேண்டியது தோட்டமும் பள்ளியுமே. குழந்தை ஆசிரியரிடம் கூறிய சொல் அன்றே போலீஸ் நிலையம் சேர்தல் வேண்டும்.