இந்திய, இலங்கை அறிவியல் கல்வித் தகைமைகள்: ஓர் ஒப்பீடு

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பள்ளியில் அறிவியலைத் தமிழிலேயே கற்கலாம். எனினும் ஒரு நாட்டின் சான்றிதழை மற்ற நாட்டின் சான்றிதழுக்கு நேர் இணையாகக் கொள்ள இயலாது. இலங்கையில் படித்துவிட்டுத் தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரி போன்ற ஒன்றில் இளம் அறிவியல் (பி.எஸ்சி.) சேர விரும்புவோரும், இங்கு பட்டம் பெற்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பை நாடுவோரும் இவ்வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும்.

பள்ளிக் கல்வி

தமிழ்நாட்டில் 1978 முதல் 10ஆம் வகுப்புக்குப் பின் 2 ஆண்டு மேல்நிலைக் கல்வி (பிளஸ் டூ) நடைமுறையில் உள்ளது. இலங்கையில் 11ஆம் ஆண்டில் க.பொ.த. சாதாரண தரத் தேர்வும், 13ஆம் ஆண்டில் உயர்தரத் தேர்வும் நடைபெறுகின்றன. எனவே உயர்தரம் முடித்தவர் பள்ளியில் ஓர் ஆண்டு கூடுதலாகப் படித்தவர்.

பாடங்கள்

பிளஸ் டூ மாணவர் தமிழ், ஆங்கிலத்துடன் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் ஆகிய நான்கையும் படிக்கலாம். அவருக்குப் பொறியியல், மருத்துவம் ஆகிய இரண்டு வழிகளும் திறந்திருக்கும். உயர்தரத்தில் முதன்மைப் பாடங்கள் மூன்றே. கணிதப் பிரிவினர் இணைந்த கணிதம், பௌதிகவியல் (இயற்பியல்), இரசாயனவியல் (வேதியியல்) படிப்பர். உயிரியல் பிரிவில் இணைந்த கணிதம் இல்லை. ஆகவே கணிதம் கட்டாயமான பட்டப்படிப்புக்கு, எவ்வளவு உயர்ந்த பெறுபேறு இருந்தாலும், உயிரியல் பிரிவினர் தகுதி பெறாமல் போகலாம்.

பட்டம்

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. 3 ஆண்டுகள், எம்.எஸ்சி. 2 ஆண்டுகள். இலங்கையில் பொதுப் பட்டம் 3 ஆண்டுகள், சிறப்புப் பட்டம் 4 ஆண்டுகள். பள்ளியையும் சேர்த்தால் இந்திய பி.எஸ்சி.க்கு 15 ஆண்டுகள், இலங்கைப் பொதுப் பட்டத்துக்கு 16, சிறப்புப் பட்டத்துக்கு 17 ஆகும். இந்திய எம்.எஸ்சி.க்கும் 17 ஆண்டுகளே. எனினும் இலங்கைச் சிறப்புப் பட்டம் இளநிலைப் பட்டமே. ஆண்டுகள் ஒத்திருப்பதால் மட்டும் அது முதுநிலை ஆகிவிடாது.

நிலை எண்கள்

இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 12 நிலைகள் உள்ளன. அதில் சிறப்புப் பட்டம் 6ஆம் நிலை, முனைவர் பட்டம் 12ஆம் நிலை. இந்தியச் சட்டகத்தில் 3 ஆண்டுப் பட்டம் 5.5, நான்காண்டு ஆனர்ஸ் பட்டம் 6, முனைவர் பட்டம் 8. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள் என்பதால் எண்களை மட்டும் ஒப்பிடுவது பிழையாகும்.

ஆகவே விண்ணப்பிப்பவர் படித்த ஆண்டுகள், பாடங்கள், பட்டத்தின் வகை ஆகிய மூன்றையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். மதிப்பெண் பட்டியலுடன் பாடத்திட்டத்தையும் பாதுகாத்து வைப்பது இணைநிலைச் சான்று கோரும்போது உதவும்.