பல் கிளினிக்ல முன் டேபிள் அக்கா என்ன வேலை பாக்குறாங்க?

எங்க ஊரு கோட்டாறுல ஒரு சின்ன பல் கிளினிக்குக்கு நான் அப்பாயின்ட்மென்ட் ஆப் ஒண்ணு எழுதிக் கொடுத்தேன். மூணே நாள்ல அதை ஓரமா வச்சிட்டாங்க. தப்பு என்னோடதுதான். டென்டல் ஆபீஸ் மேனேஜர்னா என்ன வேலைன்னு அதுக்கப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது.

அமெரிக்காவுல இது தனிப் பதவி. நம்மூர் சின்ன கிளினிக்குகள்ல அந்தப் பேரே இருக்காது. முன் டேபிள்ல இருக்கிற அக்காதான் எல்லாம்.

என் ஆப் நாளை அரை மணி நேரத் துண்டா வெட்டி, காலி இடத்துல அடுத்த ஆளைப் போட்டுச்சு. அக்கா பார்த்துட்டு, "மக்கா, சேரு காலிதான். சாமான் மிஷின்லருந்து வந்தாச்சா?"ன்னு கேட்டாங்க.

ஒருத்தர் வாயில வச்ச கருவியைக் கழுவி, பாக்கெட் போட்டு, ஆட்டோகிளேவ்ல வைக்கணும். சூடேறி, காய்ஞ்சு, ஆறுற நேரத்தையும் சேர்த்தா முக்கால் மணி நேரத்துக்கு மேலகூடப் போயிரும். கிளினிக்ல மூணு செட்தான் இருக்குன்னா, நாலாவது ஆளோட நேரத்தை முடிவு பண்றது சேர் இல்ல, செட். நம்ம பாஷைல சொன்னா, நான் தப்பான ரிசோர்ஸுக்கு லாக் போட்டிருந்தேன்.

இதுபோக, லேப்லருந்து கிரவுன் வந்துச்சான்னு பாக்கணும். பிடுங்கின பல் மஞ்சள் பையில, ஊசி, குத்தினாலும் கிழியாத வெள்ளை டப்பாவுல போகணும். எக்ஸ்ரே மிஷினுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தோட பதிவு இருக்கணும். எல்லாம் அக்கா நோட்டுலதான்.

ஆனா முக்கியமான வேலை போன் போடுறது. ரூட் கேனால் பல நேரம் ரெண்டு மூணு தடவையா நடக்கும். முதல் தடவையே வலி குறைஞ்சிரும், ஆள் வரமாட்டார். தற்காலிக அடைப்பு நாளாக நாளாகக் கசியும், கிருமி திரும்ப உள்ள போகும். முழுசா முடிச்சாலும், கிரவுன் போடாத கடைவாய்ப்பல் மெல்லும்போது பிளக்க வாய்ப்பிருக்கு.

எங்க அம்மாவுக்கு அதான் ஆச்சு. அது வேற ஒரு இடத்துல செஞ்ச ரூட் கேனால். சவேரியார் கோயில் திருவிழா முடியட்டும்னு கிரவுனைத் தள்ளிப் போட்டாங்க. அங்கருந்து யாரும் கூப்பிடல, நானும் ஞாபகப்படுத்தல. பொங்கலுக்கு முன்னாடி பல் ரெண்டாப் பிளந்துது. பிடுங்க வேண்டியதாப் போச்சு.

இந்த அக்கா சனிக்கிழமை சாயங்காலம் பாதியில நின்னவங்களை எல்லாம் கூப்பிடுவாங்க. "வலி இல்லன்னு விட்டுராதீங்கம்மா. பணம் ரெண்டு தடவையாத் தாங்க, போதும்." என் ஆப்பும் எஸ்எம்எஸ் அனுப்பத்தான் செஞ்சுது. ஆனா எஸ்எம்எஸ்சுக்கு யாரும் 'கையில பணம் இல்ல'ன்னு பதில் போடமாட்டாங்க. அக்காகிட்ட சொல்லுவாங்க.

இப்ப ஆப்பை மாத்தி எழுதியிருக்கேன். செட் எண்ணிக்கை பார்க்கும், லேப் தேதி பார்க்கும். சனிக்கிழமை ஆனா பாதியில நின்னவங்க பேரையும் நம்பரையும் அக்காவுக்குக் காட்டும், அவ்வளவுதான். பேசுறது அக்கா.

உங்க வீட்டுல யாராவது ரூட் கேனால் பண்ணிட்டு கிரவுன் போடாம இருந்தா, டாக்டர்கிட்ட இன்னைக்கே ஒரு வார்த்தை கேளுங்க. அடுத்த எபிசோடுல பாப்போம்.