லினக்ஸுக்குள் ஒரு மெல்போர்ன்

லினக்ஸ் இயங்குதளத்தின் மூலநிரலைத் திறந்து, ஹார்ட் டிஸ்க்கில் யாருக்கு எவ்வளவு இடம் என்று கணக்கு வைக்கும் பகுதிக்குப் போனால், தொடக்கக் குறிப்பிலேயே ஓர் ஊர்ப்பெயர் கண்ணில் படும்: மெல்போர்ன். பிஎஸ்டி யூனிக்ஸில் இருந்த மெல்போர்ன் கோட்டா முறையை அடியொற்றி எழுதியது என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். சென்னையில் ஒரு கல்லூரி சர்வர், யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலக சர்வர், எதில் லினக்ஸ் ஓடினாலும் அதன் மூலநிரலில் இந்த ஊர் உண்டு.

அந்தப் பெயருக்குக் காரணமான முறை வெளிவந்தது 1983 ஆகஸ்டில். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் தன் யூனிக்ஸ் இயங்குதளத்தின் புதிய பதிப்பான 4.2பிஎஸ்டியை அப்போது வெளியிட்டது. மவுஸ் இல்லை, ஐகான் இல்லை. கட்டளையைத் தட்டச்சு செய்து எண்டர் அழுத்தினால் அடுத்த வரியில் பதில் வரும். அவ்வளவுதான் திரை. ஆனால் ஒரே கம்ப்யூட்டரை ஒரே நேரத்தில் பல டஜன் பேர், ஆளுக்கொரு டெர்மினலில் உட்கார்ந்து பயன்படுத்தலாம். தொல்லையும் அங்கேதான் தொடங்கியது.

ஆஸ்திரேலியாவுக்கு யூனிக்ஸ் அதற்கு முன்பே வந்துவிட்டது. சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த ஜான் லயன்ஸ், 1974 ஜூலையில் ஓர் அமெரிக்க ஆய்விதழில் வந்த யூனிக்ஸ் பற்றிய கட்டுரையைப் படித்தார். யூனிக்ஸ் பிறந்த பெல் ஆய்வகத்திடமிருந்து அவருடைய பல்கலைக்கழகம் அதை வரவழைத்தது. பிறகு லயன்ஸ் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் சுமார் 9,000 வரி மூலநிரலை வரி எண்ணோடு அச்சிட்டு, உரையாசிரியர்கள் பழைய நூலுக்கு உரை எழுதுவதுபோலத் தனி நூலாக ஒரு விளக்கமும் எழுதி, மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். 1979-இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமமோ மூலநிரலை வகுப்பில் கற்பிக்கக் கூடாது என்றது. லயன்ஸின் உரை நகலின் நகலாக உலகம் சுற்றியது. 1996-இல்தான் முறையான நூலாகக் கடைக்கு வந்தது.

உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துப் பழகியவர்கள் சும்மா இருப்பார்களா? சிட்னியிலும் மெல்போர்னிலும் யூனிக்ஸைத் தங்கள் தேவைக்கேற்ப வெட்டி ஒட்டத் தொடங்கினார்கள். தேவை பெரும்பாலும் ஒன்றுதான்: கம்ப்யூட்டர் ஒன்று, மாணவர்கள் ஏராளம்.

முதலில் இடப் பஞ்சம். டிஸ்க்கின் விலை யானை விலை. ஒரு மாணவர் தேவையில்லாத கோப்புகளை அழிக்காமல் குவித்தால், அடுத்தவருக்குத் தன் பாடத்தைச் சேமிக்க இடமிருக்காது. ஒவ்வோர் இரவும் யார் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று ஒரு நிரலை ஓடவிட்டுக் கூட்டிப் பார்க்கலாம். ஆனால் காலையில் பட்டியல் கைக்கு வரும்போது டிஸ்க் நிரம்பியிருக்கும்.

மெல்போர்ன் பல்கலைக்கழகக் கணினி அறிவியல் துறையைச் சேர்ந்த ராபர்ட் எல்ஸ் அந்தக் கணக்கை இயங்குதளத்தின் கருவுக்குள்ளேயே கொண்டுபோனார். ஒரு கோப்பு புதிதாக இடம் கேட்கும் அந்த நொடியிலேயே, கேட்பவரின் கணக்கில் மிச்சம் இருக்கிறதா என்று இயங்குதளம் பார்க்கும். இருந்தால் கொடுக்கும், இல்லாவிட்டால் மறுக்கும். ரேஷன் கார்டு மாதிரிதான். ஆனால் ரேஷன் கடையில் இல்லாத ஒரு தயவு இதில் இருந்தது.

ஒவ்வொருவருக்கும் எல்லை ஒன்றல்ல, இரண்டு. கீழ் எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கை மட்டும் வரும், வேலை நிற்காது. பெரிய நிரல் ஒன்றை ஓட்டும்போது தற்காலிகக் கோப்புகள் திடீரென்று ஊதிப் பெருத்து, முடிந்ததும் மறைந்துவிடும். அதற்குப் போய்த் தண்டிப்பது நியாயமில்லை அல்லவா? மேல் எல்லையில் மட்டும் சலுகை கிடையாது. எச்சரித்தும் அழிக்காமல் லாகின் செய்துகொண்டே இருந்தால், சில தடவைக்குப் பின் கீழ் எல்லையே மேல் எல்லையாகிவிடும். இந்தத் தவணை பின்னாளில் நாட்கணக்கானது. பொதுவாக ஏழு நாள்.

இடத்துக்கு மட்டுமல்ல, கோப்புகளின் எண்ணிக்கைக்கும் தனியாக ஓர் அளவு வைத்தார் எல்ஸ். ஒவ்வொரு கோப்புக்கும் டிஸ்க்கில் இனோடு என்ற பதிவு ஒன்று வேண்டும். அந்தப் பதிவுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஒன்றுமே எழுதாத வெற்றுக் கோப்புகளை ஆயிரக்கணக்கில் உருவாக்கினால், இடம் இருந்தும் மற்றவர்களால் புதிதாக ஒரு கோப்புகூட உருவாக்க முடியாமல் போகும். மாணவர்களோடு பழகிய ஒருவருக்குத்தான் இந்தக் குறும்பு முன்கூட்டியே தோன்றும்.

4.2பிஎஸ்டியின் மற்ற புதுமைகளும் லேசானவை அல்ல. கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கும் முறை அடியோடு மாறியது. பழைய முறையில் டிஸ்க்கின் உண்மையான வேகத்தில் சில சதவீதம்தான் கைக்குக் கிடைத்தது. புதிய முறையில் கிட்டத்தட்டப் பாதி. கோப்பின் பெயர் 14 எழுத்துக்குள், அதாவது 14 பைட்டுக்குள், அடங்க வேண்டும் என்ற பழைய விதி போய், 255 வரை நீண்டது. இன்றைய யூனிகோடு கணக்கில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் ஆகிறது. அம்மா என்று பெயர் வைக்க 15 பைட் வேண்டும். பழைய விதி நீடித்திருந்தால் ஒரு கோப்புக்கு அம்மா என்றுகூடப் பெயரிட்டிருக்க முடியாது.

அடுத்தது நேரப் பஞ்சம். யூனிக்ஸ் அப்போது செயலியின் நேரத்தை ஓடும் நிரல்களுக்கு இடையே பங்கிட்டதே தவிர, ஆட்களுக்கு இடையே அல்ல. கல்யாணப் பந்தியில் இலைக்கு இலை சமமாகப் பரிமாறுகிறார்கள். ஒருவரே பத்து இலை போட்டு உட்கார்ந்தால் பத்துப் பங்கும் அவருக்கே. அதுபோலப் பத்து நிரல்களை ஒன்றாக ஓடவிட்டவர் மற்றவர்களை விடப் பத்து மடங்கு பெற்றார். பாடம் ஒப்படைக்க வேண்டிய கடைசி நாளில் இது என்ன ஆகும் என்று எந்தக் கல்லூரி மாணவருக்கும் சொல்லத் தேவையில்லை.

சிட்னி பல்கலைக்கழகத்தில் ஜூடி கேயும் பியர்ஸ் லாடரும் இதை மாற்றினார்கள். அவர்களுடைய முறையின் பெயர் ஷேர். எத்தனை நிரல் ஓடினாலும் பங்கு ஆளுக்குத்தான். அண்மையில் யார் எவ்வளவு பயன்படுத்தினார் என்று அது நினைவில் வைத்துக்கொள்ளும். நேற்று அள்ளியவருக்கு இன்று வேகம் குறையும். நாளாக ஆக அந்தப் பழைய கடன் தானாகக் கரைந்துகொண்டே வரும். கூட்டம் இல்லாத வேளையில் யார் வேண்டுமானாலும் முழு வேகத்தில் ஓட்டிக்கொள்ளலாம். வேலையைக் கடைசி இரவுக்குத் தள்ளாமல் முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்பவருக்கு இதில் லாபம். கட்டுரை 1988 ஜனவரியில் ஓர் அமெரிக்க ஆய்விதழில் வெளிவந்தது. இன்று சூப்பர் கம்ப்யூட்டர்களில் வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்லர்ம் மென்பொருளிலும் ஃபேர்ஷேர் என்ற பெயரில் இதே கருத்துதான் இருக்கிறது. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்பார்ட்டன் என்ற சூப்பர் கம்ப்யூட்டரும் ஸ்லர்மில்தான் ஓடுகிறது.

இடமும் நேரமும் போக, பங்கிட மூன்றாவதாக ஒன்று மிச்சமிருந்தது: வெளியுலகோடு பேசும் இணைப்பு. 4.2பிஎஸ்டியோடு டிசிபி/ஐபி என்ற தகவல் பரிமாற்ற நெறியும் சேர்ந்தே வந்தது. கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் அந்த மொழியைப் பல்கலைக்கழகங்கள் இயங்குதளத்தின் ஓர் அங்கமாகவே பெற்றன. இன்றைய இணையம் பேசுவதும் அதே மொழி. முகவரிகளின் கடைசியில் வரும் ஆஸ்திரேலியாவின் .ஏயு, 1986 மார்ச்சில் எல்ஸின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது.

1989 ஜூன் 23 இரவு, மெல்போர்னில் எல்ஸும் ஹவாய் பல்கலைக்கழகத்தில் டார்பென் நீல்சனும் இரு முனையிலும் இருந்து வேலையை முடித்து ஆஸ்திரேலியாவை இணையத்தோடு இணைத்தார்கள். செயற்கைக்கோள் வழி வந்த அந்த இணைப்பின் வேகம் நொடிக்கு 56 கிலோபிட். இன்று வாட்ஸ்அப்பில் போகும் 2 எம்பி படம் ஒன்று அதில் கடல் தாண்ட ஐந்து நிமிடம் ஆகியிருக்கும், அதுவும் வேறு யாரும் அந்நேரம் குறுக்கே வராமல் இருந்தால்.