யாழ்ப்பாணத்துப் பந்து எங்கெல்லாம் சுழன்றது தெரியுமா?

லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாணத்தின் பெயர் கொண்ட அணி 2020, 2021, 2022 என வரிசையாக மூன்று கோப்பை வென்றது, 2024இல் நான்காவது! ஆனால் அதில் ஓர் ஆட்டம்கூட யாழ்ப்பாண மண்ணில் நடக்கவில்லை, தெரியுமா?

சரி, அந்த அணியில் யாழ்ப்பாணத்துப் பெடியன் யார்? விஜயகாந்த் வியாஸ்காந்த். 2020 டிசம்பர் 4, அம்பாந்தோட்டை. கொரோனாக் காலம், பார்க்க ஆளில்லாத அரங்கு. 19 வயது நிறைய இன்னும் ஒரு நாள்! அன்று அவர் எடுத்த முதல் விக்கெட் யாருடையது? அஞ்சலோ மத்தியூஸ்! இலங்கை அணியின் முன்னாள் தலைவரையே வீழ்த்திவிட்டுத்தான் பிறந்தநாள் கொண்டாடினார்.

படித்தது யாழ். மத்திய கல்லூரி. அந்தக் கல்லூரிக்கும் சென் ஜோன்ஸுக்கும் நடக்கும் 'வடக்கின் பெருஞ்சமர்' எப்போது தொடங்கியது தெரியுமா? 1904! கோட்டைக்குக் கூப்பிடு தூரத்து மைதானத்தில் மூன்று நாள் கிரிக்கெட் திருவிழா.

வியாஸ்காந்த் வீசுவது லெக் ஸ்பின். மணிக்கட்டைச் சுழற்றி விட்டால் வலக்கை ஆட்டக்காரரை விட்டு வெளியே திரும்பும். அதே ஓட்டம், அதே கைவீச்சு, புறங்கை மட்டும் ஆட்டக்காரரைப் பார்த்தால் உள்ளே திரும்பும். அதுதான் கூக்ளி! வீசும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிர்ந்தால் தவறு. பேஸ்போலில் இந்தத் தொல்லையே இல்லை. கியூபாவில் பிறந்த அரோல்டிஸ் சப்மன் 2010இல் எறிந்த பந்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 170 கிலோமீற்றர்! கிரிக்கெட்டில் சொயிப் அக்தர் தொட்ட உச்சம் 161.3. ஆனால் சப்மன் அமெரிக்கா போக, 2009இல் ரொட்டர்டாமில் கியூப அணியை விட்டே ஓடவேண்டியிருந்தது. நம்மவர் ஊரை விட்டு ஓடாமலே ஊர் ஊராய்ப் போனார். எனக்கு இதுதான் பெரிய சாதனை.

போன இடங்களைக் கேளுங்கள்! பங்களாதேஷில் சட்டோகிராம் அணி, அமீரகத்தில் எம்ஐ எமிரேட்ஸ். 2023 ஒக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக இலங்கைச் சீருடை. பிறகு ஐபிஎல்! காயமடைந்த இலங்கை வீரர் ஹசரங்கவுக்குப் பதிலாக சன்ரைசர்ஸ் ஹைதராபாத் 50 இலட்சம் இந்திய ரூபாய்க்கு அழைத்தது. 2024 மே 8, லக்னோவுக்கு எதிராக முதல் ஆட்டம். ஐபிஎல்லில் ஆடிய முதல் யாழ்ப்பாணத்தவர்! 4 ஓவர், 27 ஓட்டம்; விக்கெட் இல்லை. ஆனால் அது எத்தகைய ஆடுகளம் தெரியுமா? லக்னோவின் 165ஐ ஹைதராபாத் 9.4 ஓவரில் விக்கெட் இழப்பின்றித் துரத்தி முடித்த ஆடுகளம்! அங்கே ஓவருக்கு ஏழுக்குள் கட்டுப்படுத்தியது சும்மாவா?

2025 செப்டம்பர் 1ஆம் திகதி யாழ்ப்பாணத்தை அடுத்த மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் அரங்குக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டி முடித்ததும் முதல் வேலையாக நான்கு கோப்பை வென்ற அந்த ஜஃப்னா கிங்ஸை அங்கே ஓர் ஆட்டம் ஆட விடுங்கள், ஐயாமாரே!