பவளம் வாடுதலும் அதன் காரணம் காண்டலும்

கடல்படு பொருள்களுள் முத்தையும் பவளத்தையும் ஒருங்கு வைத்துப் பாராட்டுதல் தமிழரது தொன்றுதொட்ட வழக்காகும். ஒன்பான் மணிகளுள் ஒன்றாகப் பவளம் எண்ணப்படும்; 'துகிர்' என்பது அதன் பழம்பெயர். ஆயின், அணிகலன்களில் இழைக்கப்பெறும் செம்பவளம் பெரிதும் மத்தியதரைக் கடலில் வளர்வது. நம் மன்னார் வளைகுடாவில் பாறையாகப் படர்ந்திருப்பவை அதற்கு உறவினவாகிய வேறு இனங்களாம். இவை கல்லுமல்ல, செடியுமல்ல. வாயும் வயிறும் உணர்கொம்புகளும் உடைய சிற்றுயிர்களின் கூட்டங்கள். 18ஆம் நூற்றாண்டில் பெய்சொனல் என்னும் பிரெஞ்சு மருத்துவர் பவளம் விலங்கினத்தைச் சார்ந்ததென எடுத்துரைத்தபோது கற்றாரும் அதனை எளிதில் ஏற்றிலர்.

இத்தகைய உயிர்களைக் கண்ணாடித் தொட்டியிற் கடல்நீர் நிரப்பி இல்லத்திலேயே வளர்க்கும் விருப்பம் இக்காலத்தில் நம் ஊர்களிலும் பரவி வருகின்றது. விருப்பம் பரவிய அளவிற்கு அறிவு பரவவில்லை. ஆதலின், அப்பவளங்கள் வாடுங்கால் அதன் காரணத்தைக் காண்பது எங்ஙனம் என்பதனை, எம் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றனைக் கொண்டு ஈண்டு விளக்கப் புகுந்தோம்.

திண்டிவனத்தில் வாழும் எம் சிறிய தந்தையார் 100 லிட்டர் நீர் கொள்ளும் தொட்டியொன்றை வைத்துள்ளார். கல் அடுக்கும் பவளம் எதுவும் அதில் இல்லை. தோல்போன்ற மெல்லுடற் பவளம் ஒன்றும், காளான்போல் வட்டமாக விரியும் சிறு பவளங்கள் ஏழுமே இருந்தன. கடந்த சித்திரையில் அவை வாடத் தொடங்கின. தோற்பவளம் கொம்புகளை உள்ளிழுத்துச் சுருங்கிற்று. வட்டப் பவளங்கள் நிறம் வெளிறின. சிறிய தந்தையார் அன்பு மிக்கவர், அன்பினாலேயே தவறினார். ஒளி போதவில்லையென்று எண்ணி விளக்கின் ஒளியைக் கூட்டினார். பசியென்று எண்ணி உணவை இருமடங்காக்கினார். நாள்தோறும் வற்றிய நீருக்கு ஈடாக உப்புநீரைக் கரைத்து ஊற்றினார். பத்து நாட்களில் வட்டப் பவளங்கள் மூன்று அழிந்தன. அவர்தம் இளைய மகள் அழுதுகொண்டே தொலைபேசியில் எம்மை அழைக்க, யாம் விழுப்புரத்தினின்றும் புகைவண்டி ஏறினோம்.

நோயின் காரணத்தை உணர்வதற்கு உடலின் இயல்பை முன்னர் உணர்தல் வேண்டும். பவளத்தின் தசைக்குள்ளே கண்ணுக்குப் புலனாகா நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியைக் கொண்டு உணவு சமைத்து அதிற் பெரும்பகுதியைப் பவளத்திற்கு அளிக்கின்றன. பவளமோ அவற்றிற்கு உறையுளும், தன் கழிவினின்று உரமும் தருகின்றது. பவளத்தின் நிறத்திற் பெரும்பங்கு இப்பாசியின் நிறமே. நீர் அளவிறந்து வெப்பமுறின் இவ்வுறவு முறிகின்றது. வெப்பத்தால் தாக்குண்ட பாசி, ஒளிபட்டவழி நஞ்சாகும் பொருள்களைத் தோற்றுவிக்கப் பவளம் அதனை வெளியே தள்ளிவிடுகின்றது. இதனையே 'வெளிறல்' என்பர். வெளிறிய பவளம் உடனே இறப்பதில்லை. உணவளிப்போரை இழந்து பட்டினி கிடக்கின்றது. வெப்பம் விரைவில் தணியுமாயின் பாசி மீண்டும் பெருகும். தணியாவிடின் பவளம் மாயும். இங்ஙனம் வெளிறிய பவளத்திற்கு ஒளியைக் கூட்டுதல், வெயிலில் மயங்கி வீழ்ந்தவனை மீண்டும் வெயிலிற் கிடத்துவதற்கு ஒப்பாம்.

யாம் சென்றவுடன், "சிற்றப்பா, இனி நாம் அளந்தறியும்வரை தொட்டியில் ஒன்றும் இடவேண்டா" என்று வேண்டிக்கொண்டோம். அவரும் இசைந்தார். ஒரு குறிப்பேட்டில் நாளும் நேரமும் இட்டு, கண்டவற்றை எழுதத் தொடங்கினோம். முதலில் நோக்கியது நீரின் வெப்பம். காலை 7 மணிக்கு 29 பாகை. பிற்பகல் 3 மணிக்கு 32 பாகை. பவளத் தொட்டிக்கு 24 முதல் 27 பாகை வரை தக்கதாகும். 30ஐக் கடந்து பலநாள் நிற்பின் கேடு விளையும். கத்திரி வெயிலில் 40 பாகையைத் தொடும் நம் பகுதியில், மூடியிட்ட தொட்டியுள், விளக்கின் சூடும் பம்பின் சூடும் சேர்ந்தால் நீர் வேறென் செய்யும்? காலையில் மட்டும் அளந்திருப்பின் நோயின் பாதி மறைந்தேயிருக்கும். ஆதலின் வெப்பத்தை ஒருநாளில் இருமுறையேனும் அளத்தல் இன்றியமையாதது.

இரண்டாவதாக நோக்கியது உப்பின் அளவு. கடல்நீரின் ஒப்படர்த்தி 1.025 அல்லது 1.026 அளவில் இருத்தல் வேண்டும், ஈண்டோ 1.030 காட்டிற்று. இஃது எங்ஙனம் நேர்ந்தது? நீர் ஆவியாகுங்கால் தண்ணீர் மட்டுமே செல்லும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே வற்றியதற்கு ஈடாக ஊற்றவேண்டுவது நன்னீரே. நாளொன்றுக்கு 1 லிட்டர் வற்ற, அதற்கு ஈடாக 35 கிராம் உப்புக் கரைத்த 1 லிட்டர் நீரை 15 நாள் ஊற்றினால், 525 கிராம் உப்பு மிகுதியாகச் சேரும். 'உப்புநீர் குறைந்தால் உப்புநீரே விடவேண்டும்' என்பது கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றினும் உண்மையில் பிழையாதல் காண்க. வெப்பம் நீரை வற்றச் செய்தது. வற்றல் உப்பை ஏற்றியது. நோய் இரண்டாகத் தோன்றினும் வேர் ஒன்றே.

இன்னுமொரு பிழை இதனுள் மறைந்திருந்தது. கடல்நீர் கூட்டுதற்கென விற்கப்படும் உப்புத் தீர்ந்துபோகவே, எம் சிற்றன்னையார் சமையலறையில் வைத்திருந்த மரக்காணத்து உப்பையே சிறிய தந்தையார் கரைத்து வந்தார். "அதுவும் கடலினின்று வந்ததுதானே?" என்று வினவினார். வினா நேரியதே, விடை உப்பளத்தில் உளது. மரக்காணத்துப் பாத்திகளிற் கடல்நீர் வெயிலிற் காய்கையில் அதனுள் இருப்பன யாவும் ஒருங்கே படிவதில்லை. முதலிற் சுண்ணாம்பு படியும், அதன்பின் ஜிப்சம், அதன்பின்னரே நாம் உண்ணும் உப்பு. மக்னீசியம் முதலியன எஞ்சிய கசப்பு நீரில் நின்றுவிட, அந்நீரை வடித்துவிடுவர். ஒரு கிலோ கடல்நீரில் உள்ள ஏறத்தாழ 35 கிராம் உப்புக்களுள் 27 கிராம் அளவே சமையலுப்பு. ஏனைய 8 கிராமில்தான் பவளம் வேண்டும் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் பிறவும் உள்ளன. எனவே உப்பளத்து உப்பைக் கரைத்துக் கடலை மீட்டல் இயலாது. கடல்நீரையே முகந்து வருவோமெனின், கார்காலத்தில் கழுவேலி ஏரியின் வெள்ளம் மரக்காணத்தருகே கடலிற் கலக்குங்கால் கரையோர நீரின் உப்புக் குறைந்து கலங்கியும் இருக்கும். அளந்து பாராமற் கொள்ளலாகாது.

காரணம் தெரிந்தபின் பரிகாரம் எளிதாயிற்று. ஆயினும் விரைவு கூடாது. உப்பு மெல்ல ஏறியதாகலின் மெல்லவே இறங்கவேண்டும். ஒப்படர்த்தி நாளொன்றுக்கு 0.001 அளவிற் குறைதல் நலம். நாள்தோறும் 3 லிட்டர் உப்புநீரை எடுத்துவிட்டு, அவ்வளவு தூய்மை செய்த நன்னீரை வார்த்தோம். ஐந்து நாளில் அளவு 1.026க்கு வந்தது. தொட்டியின் மூடியை அகற்றி, நீர்ப்பரப்பின்மேற் காற்று வீசுமாறு சிறு மின்விசிறி ஒன்றை அமைத்தோம். ஆவியாதல் வெப்பத்தைக் கவர்ந்து செல்லுமாதலின், பிற்பகல் வெப்பம் 29 பாகைக்குத் தணிந்தது. வற்றும் நீர் மிகுந்தமையால் நன்னீர் வார்ப்பதும் மிகுந்தது. ஒளியைப் பாதியாகக் குறைத்தோம். உணவைச் சிலநாள் நிறுத்தினோம். பின்னர் வாரந்தோறும் 10 லிட்டர் நீரை மாற்றி, முறையாகக் கூட்டிய கடல்நீரை விட்டோம்.

இவற்றால் எல்லா வாட்டமும் வெப்பத்தால் வருவதென்று கொள்ளற்க. குறிகள் வேறுபடின் காரணமும் வேறுபடும். தசை உள்ளவாறே நிறம் மட்டும் வெளிறுதல் வெப்பத்தையோ மிகையொளியையோ காட்டும். தசையே உரிந்து உள்ளிருக்கும் வெண்கல் தோன்றுமாயின், அது நீரின் காரத்தன்மை திடீரென மாறியதாலோ நோயாலோ நேர்ந்திருக்கலாம். நிறம் மங்கிப் பழுப்பேறுதல் ஒளிக்குறைவையும், நைட்ரேட்டு பாஸ்பேட்டு ஆகியவற்றின் மிகுதியையும் குறிக்கும்; இவை மிகுதற்கு அளவிறந்த உணவே பெரும்பாலும் காரணமாம். அம்மோனியா சிறிதும் இருத்தலாகாது. மீனின் நோய்க்கு இடும் செம்பு மருந்து மீனைக் காப்பினும் பவளத்தைக் கொல்லும். ஆதலின் நோயுற்ற மீனை வேறு தொட்டிக்கு மாற்றியே மருந்திடல் வேண்டும். இனி, நோயன்மையை நோயென மயங்குதலும் உண்டு. தோற்பவளம் இடையிடையே சில நாட்கள் சுருங்கி, மெழுகுபோன்ற மெல்லிய ஆடையை உரித்துவிட்டு மீள விரியும். இஃது அதன் இயற்கை. அப்பொழுது பதறி மருந்திடுவோர் இல்லாத நோயை உண்டாக்குவர்.

மின்சாரம் நிற்றலும் கருதத்தக்கது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரைகடந்தபோது விழுப்புரம் மாவட்டம் வெள்ளத்தில் ஆழ்ந்தமையை நம்மிற் பலர் நேரிற் கண்டோம். அத்தகைய நாளில் பம்பு நின்று நீர் அசைவற்றால், சில மணி நேரத்தில் உயிர்வளி குன்றும். மின்கலத்தால் இயங்கும் சிறு காற்றுப் பம்பொன்று வீட்டில் இருத்தல் அன்று உயிர் காக்கும்.

மேற்கூறிய அனைத்தினும் தலையாயது ஒன்றுண்டு: ஒருகாலத்தில் ஒன்றனையே மாற்றுக. ஒளி, உணவு, நீர் மூன்றனையும் ஒருங்கே மாற்றினால், பவளம் தேறினும் எதனால் தேறிற்றென்று அறியோம்; மாயினும் எதனால் மாய்ந்ததென்று அறியோம். அழிவு கண்முன் நிகழுங்கால் யாம் செய்ததுபோல் சிலவற்றை விரைந்து செய்ய நேரிடலாம். ஆயினும் அளந்து, எழுதி, காரணம் தெளிந்த பின்னரே செய்தல் வேண்டும்.

இருபது நாள் கழித்துத் தோற்பவளம் கொம்புகளை நீட்டிற்று. எஞ்சிய வட்டப் பவளங்கள் நான்கும் மெல்ல நிறம் பெற்றன. அழிந்த மூன்றும் மீளவில்லை. "நான் சும்மா இருந்திருந்தால் அவை பிழைத்திருக்குமா?" என்று சிறிய தந்தையார் ஒருநாள் மாலை வினவினார். ஒருகால் பிழைத்திருக்கலாம் என்று உண்மையைக் கூறினோம். அவர் சிறிதுநேரம் வாளாவிருந்து, பின் குறிப்பேட்டை எடுத்து அன்றைய வெப்பத்தை எழுதினார்.

இனி, இத்தொட்டியினின்று கண்களைச் சற்றே உயர்த்திக் கடலை நோக்குவோம். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்து நம் பவளப்பாறைகள் கிடக்கின்றன. முன்னாளில் சுண்ணாம்பிற்காக அவற்றை வெட்டியெடுத்தனர். 1986இல் அத்தீவுப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 2001 முதல் கல் அடுக்கும் பவள இனங்கள் யாவும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. ஆதலின் கடலினின்று அவற்றைப் பெயர்த்து வீட்டில் வைத்தல் குற்றமாம். எவ்வகைப் பவளத்தை விலைக்குக் கொள்ளினும் அதன் பிறப்பிடத்தைக் கேட்டறிதல் வேண்டும். வெட்டுதலைச் சட்டம் தடுத்தது. வெப்பத்தை எச்சட்டம் தடுக்கும்? 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் மன்னார் வளைகுடாப் பவளங்கள் பெருமளவில் வெளிறின. 2024 ஏப்ரலில், உலகக் கடல்கள் தழுவிய வெளிறல் நான்காம் முறையாக நிகழ்வதை ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் பவளக் கிளைகளை நட்டு, அழிந்த பாறைகளை மீட்க முயன்று வருகின்றனர்.

100 லிட்டர் நீரில் மூன்று பாகை ஏறியதால் விளைந்ததை யாம் கண்கூடாகக் கண்டோம். ஆங்கு மின்விசிறி ஒன்று போதியதாயிற்று. கடலுக்கு விசிறி வைப்பார் யாவர்? பிற்பகல் மூன்று மணிக்கு வெப்பமானியை நோக்கும் சிறுமி ஒருத்தி திண்டிவனத்தில் இருக்கின்றாள். அவள் அளப்பது ஒரு சிறு தொட்டியையே ஆயினும், வளர்ந்தபின் கடலையும் அளந்தறிய விழைவாள் என்னும் நம்பிக்கை எமக்குண்டு.