மைக் செட்

மைக் செட் என்பது கோயில் திருவிழா, திருமணம், மஞ்சள் நீராட்டு, தெருக்கூத்து, அரசியல் கூட்டம் முதலிய நிகழ்ச்சிகளில் பேச்சையும் பாட்டையும் பலரும் கேட்கும்படி செய்ய வாடகைக்கு அமைக்கப்படும் ஒலிக் கருவிகளின் தொகுப்பு ஆகும். மைக், இசைத்தட்டுப் பெட்டி, ஆம்ப்ளிபயர், கூம்பு வடிவ ஒலிபெருக்கி ஆகிய நான்கும் பழைய மைக் செட்டின் முக்கிய உறுப்புகள். தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்திலுள்ள மாரண்டஹள்ளியைப் போல, சுற்றிலும் வயல்களும் சிற்றூர்களும் கொண்ட ஊர்களில் ஒரு வீட்டு விசேஷத்தை அடுத்த ஊருக்கும் அறிவித்தது இதுவே. அவ்வளவு தூரம் கேட்ட அதே ஆற்றல்தான் பின்னாளில் இதன் மீதான கட்டுப்பாடுகளுக்கும் காரணமாயிற்று.

வரலாறு

மின் ஒலியைப் பெருக்க உதவிய கருவி வால்வு ஆகும். மூன்று மின்முனைகள் கொண்ட வால்வை அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் 1906-இல் உருவாக்கினார். 1936-இல் வெளிவந்த 6எல்6 என்னும் வால்வு, பொதுக்கூட்ட ஆம்ப்ளிபயர்களில் உலகெங்கும் பயன்பட்டது. இந்தியாவில் இத்துறையில் பெயர் பெற்ற அகுஜா நிறுவனம் 1940-இல் தொடங்கப்பட்டது. மாரண்டஹள்ளி வழியாகச் செல்லும் சேலம்–பெங்களூரு ரயில் பாதையின் மறுமுனையான பெங்களூரில், 1954-இல் தொடங்கப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1960-களில் வால்வுகளைத் தயாரித்தது. பின்னர் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர்கள் பரவின. அவை எடை குறைந்தவை, போட்டவுடன் பாடுபவை, பேட்டரியிலும் எளிதாக இயங்குபவை. வால்வு செட்டுகள் படிப்படியாக ஒதுக்கப்பட்டன.

இயங்கும் விதம்

வால்வின் உள்ளே உள்ள இழை சூடேறியதும் எலக்ட்ரான்கள் வெளிப்பட்டுத் தகட்டை நோக்கிப் பாய்கின்றன. இடையில் உள்ள கம்பி வலை, மைக்கிலிருந்து வரும் சிறிய மின்துடிப்புக்கு ஏற்ப அந்தப் பாய்ச்சலைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது. வாய்க்காலின் மடையைச் சிறிது அசைத்தால் பெரும் நீரோட்டம் மாறுவது போன்றதே இது. இழை சூடேறும் வரை ஒலி வராது என்பதால், பழைய செட்டைப் போட்டுவிட்டுச் சற்றுக் காத்திருக்க வேண்டும்.

ஒலியின் தன்மை

அளவுக்கு மீறி ஒலியைக் கூட்டும்போது டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர் ஒலியலையின் உச்சியைச் சட்டென்று வெட்டிவிடும். காதுக்குக் கரகரப்பாக இருக்கும். வால்வு அதே உச்சியை மெல்ல வளைக்கும். மேடைப் பேச்சில் குறையாகக் கருதப்பட்ட இந்த வளைவையே மின்கிதார் கலைஞர்கள் விரும்பித் தேடினர். ஜிம் மார்ஷல் லண்டனில் 1962-இல் உருவாக்கிய கிதார் ஆம்ப்ளிபயர், பெண்டர் நிறுவனத்தின் பாஸ்மேன் என்னும் வால்வு ஆம்ப்ளிபயரை அடியொற்றியது. அத்தகைய பழைய ஆம்ப்ளிபயர்கள் இன்றும் நல்ல விலைக்குப் போகின்றன. அதே குடும்பத்து வால்வுகள் கொண்ட மைக் செட்டுகளோ பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்கே போயின.

கூம்பு ஒலிபெருக்கி ஏறக்குறைய 300 ஹெர்ட்சுக்குக் கீழுள்ள தாழ்ந்த ஒலிகளைச் சரிவரத் தராது. அதனால் கூத்தில் மிருதங்கத்தின் தொப்பி ஒலி மங்கிவிடும். முகவீணையும் பாடகர் குரலும் துல்லியமாகக் கேட்கும்.

தொலைவுக் கணக்கு

ஒரு வாட் மின்சாரத்தில், ஒரு மீட்டர் தொலைவில், நல்ல கூம்பு சுமார் 107 டெசிபல் ஒலி தருவதாகக் கொள்வோம். 30 வாட் கொடுத்தால் மேலும் 15 கூடி 122 ஆகும். தொலைவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறைவதால், ஒரு கிலோமீட்டரில் 60 குறைந்து 62 டெசிபல் மிஞ்சும். இது ஏறத்தாழ இருவர் அருகில் நின்று பேசும் அளவு. மரங்களும் மண்ணும் உறிஞ்சுவதால் நடைமுறையில் இன்னும் குறையும். பெட்டி ஒலிபெருக்கி ஒரு வாட்டுக்கு 90 டெசிபல் தந்தால், இதே தொலைவில் இதே ஒலியை எட்ட 1,500 வாட் வேண்டும். மின்வசதி அரிதாக இருந்த காலத்தில் கூம்பு ஏன் விரும்பப்பட்டது என்பதை இக்கணக்கு விளக்கும்.

சட்டமும் இன்றைய நிலையும்

ஒலி மாசு விதிகள், 2000 குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பு வகுத்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. சமய, பண்பாட்டு விழாக்களுக்கு ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம். 2005-இல் உச்ச நீதிமன்றமும் இரவுத் தடையை வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் விழாக்களுக்கு அனுமதி தரும்போது, கூம்பைத் தவிர்த்துப் பெட்டி ஒலிபெருக்கி வைக்குமாறு காவல்துறை நிபந்தனை விதிப்பது வழக்கம். நோயாளிகளுக்கும் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்கும் இது பெரும் ஆறுதல். விடிய விடிய ஆடும் கூத்துக் கலைஞர்களுக்கோ இது நெருக்கடி; நள்ளிரவுக்குப் பிறகு சொந்தக் குரலையே நம்ப வேண்டும்.

பாதுகாப்பு

வீட்டில் பழைய வால்வு செட் வைத்திருப்போர் அதைத் தாமே திறக்கக் கூடாது. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் இருக்கும். இணைப்பைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். ஒலிபெருக்கியை இணைக்காமல் ஓடவிட்டால் வெளியீட்டு மின்மாற்றி எரிந்துபோகலாம். பல்லாண்டு ஓடாத செட்டை, விவரம் தெரிந்த பழுதுபார்ப்பவரிடம் காட்டிய பிறகே மின்சாரத்தில் இணைக்க வேண்டும்.