ஊட்டிக்கே போகணுமா? பாட்டியும் வரக்கூடிய பக்கத்து மலைகள்!

பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியப் போகிறது என்பதை நான் காலண்டரைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. மருத்துவமனைக்கு வருபவர்களின் பேச்சிலேயே தெரிந்துவிடும். "டாக்டர், ஊட்டியில ரூம் போட்டாச்சு. பாட்டிக்கு மூட்டு வலி, குளிர் ஒத்துக்காது. சித்தி வீட்ல விட்டுட்டுப் போறோம். நாலு நாளைக்கு மருந்து குடுங்க" என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, "எனக்கென்னப்பா, நீங்க சந்தோஷமா போயிட்டு வாங்க" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

குடும்பத்தோடு போகிற பயணத்தில் குடும்பத்தின் மூத்தவர் இல்லை என்றால், குறை பாட்டியிடமா, நாம் தேர்ந்தெடுத்த இடத்திலா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

உல்லாசப் பயணம் என்றதும் நம் வாயில் வருவது ஊட்டி, கொடைக்கானல் என்ற இரண்டு பெயர்கள்தான். நெரிசல் தாங்காமல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7-ஆம் தேதி முதல் இந்த இரண்டு ஊர்களுக்கும் போகிற வண்டிகளுக்கு இ-பாஸ் முறையே வந்தது. ஆனால் நம் வீட்டிலிருந்து சில மணி நேரத் தூரத்தில், பலர் எட்டிக்கூடப் பார்க்காத மலைகளும் கடலோரங்களும் இருக்கின்றன. அவற்றில் சில, உடம்புக்கும் நல்லவை.

உயரம் கூடினால் குளிர் கூடும்

தரையிலிருந்து 1000 மீட்டர் மேலே போனால், வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். ஊட்டியின் உயரம் சுமார் 2240 மீட்டர். அதாவது, சமவெளியைவிடப் பதிமூன்று, பதினான்கு டிகிரி குறைவு. இளைஞர்களுக்கு அது சுகம். மூட்டு வலிக்காரர்களுக்கு அந்தக் குளிரில் மூட்டு இறுகிப்போகும். ஆஸ்துமாக்காரர்களுக்குக் குளிர்ந்த காற்று இழுப்பைக் கிளப்பிவிடும். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தமும் ஏறும்.

கொல்லிமலை, ஏலகிரி போன்றவை 1000 மீட்டரை ஒட்டிய நடுத்தர மலைகள். கீழே 38 டிகிரி கொதிக்கும்போது மேலே 31, 32 இருக்கும். மின்விசிறி இல்லாமல் தூங்கலாம், ஸ்வெட்டர் இல்லாமல் நடக்கலாம். பாட்டிக்கு ஒரு சால்வை போதும்.

சித்தர்கள் சொன்ன நில பேதம்

சித்த மருத்துவம் நோயாளியைப் பார்க்கும்போது அவர் வாழும் நிலத்தையும் பார்க்கிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்து நிலங்களுக்கும் தனித்தனிக் குணம் சொல்லியிருக்கிறார்கள். வயலும் ஆறும் உள்ள மருதத்தில் வளி, அழல், ஐயம் மூன்றும் சமமாக இருக்கும் என்பதால், தங்கி வாழ அதுவே உத்தமம் என்றார்கள். மலை நிலமான குறிஞ்சியில் ஐயம் பெருகும், இரத்தத்தை வற்றவைக்கும் சுரம் வரும், வயிற்றில் கட்டி உண்டாகும் என்றும் எச்சரித்தார்கள்.

மலேரியாவில் இரத்தசோகை வருவதும், மண்ணீரல் வீங்கி வயிற்றில் கட்டிபோலத் தட்டுப்படுவதும் இன்றைக்கு நமக்குத் தெரியும். 'மலைக்குப் போகாதே' என்பது பெரியவர்கள் சொன்னதன் பொருள் அல்ல. போகிற நிலத்தின் குணம் தெரிந்து போ என்பதுதான் பொருள். பெரிய சுற்றுலா ஊரில் நமக்குத் தெரியாததை ஓட்டலும் ஆஸ்பத்திரியும் பார்த்துக்கொள்ளும். சின்ன ஊரில் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கொல்லிமலை

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனால் மிளகுக் கொடி, பலா, அன்னாசி, காபி என்று கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. இங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு 'மலையாளி' என்று பெயர். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ் பேசும் நம் மக்கள். அவர்கள் விளைவிக்கும் சாமை, தினை, கேழ்வரகை அங்கேயே வாங்கி வாருங்கள். நகரத்துக் கடையில் மினுக்குக் காகிதத்தில் வருவதைவிட நன்றாக இருக்கும். உழைத்தவர் கைக்குக் காசும் போகும்.

அறப்பளீஸ்வரர் கோயிலைத் தரிசித்துவிட்டு ஆகாய கங்கை அருவிக்குப் போவார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது "இவ்வளவுதானா?" என்று தோன்றும். ஏறும்போதுதான் தெரியும்! இதய நோய், ஆஸ்துமா, முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் கோயிலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பாட்டிக்குத் துணையாக ஒருவர் மேலேயே இருங்கள். மாறி மாறிப் போனால் யாருக்கும் குறை இருக்காது.

ஏலகிரி, காவலூர், சிறுமலை

"முதல் தடவை போறோம், 70 வளைவு தாங்காது" என்பவர்களுக்கு ஏலகிரி. திருப்பத்தூர் மாவட்டம். ஜோலார்பேட்டை வரை ரயிலில் போய்விடலாம். அங்கிருந்து மேலே ஏற 14 வளைவுகள்தான்.

அதே மாவட்டத்தில், ஜவ்வாது மலையில் காவலூர் என்ற ஊரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986-இல் தொடங்கி வைக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே உண்டு. பார்வையாளர் அனுமதி என்றைக்கு என்று முன்கூட்டியே விசாரித்துப் போனால், எந்நேரமும் டி.வி.யும் செல்போனுமாக இருக்கும் பிள்ளைகள் வானத்தைப் பார்ப்பார்கள்.

தென் மாவட்டக்காரர்களுக்குத் திண்டுக்கல் பக்கத்தில் சிறுமலை. 18 வளைவுகள். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர் போன மலை வாழைப்பழம் விளையும் இடம். இரவு உணவுக்குப் பின் இரண்டு பழம் சாப்பிட்டால், பயணத்தில் வருகிற மலச்சிக்கலுக்கு வேறு மருந்து வேண்டியதில்லை. சர்க்கரை நோயாளிகள் ஆசைக்குப் பாதிப் பழத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மலையே ஏற முடியாதவர்களுக்கு

கடலோரம் இருக்கவே இருக்கிறது. சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் பிச்சாவரம். 2022-இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அலையாத்திக் காடு. படகில் உட்கார்ந்தபடியே சுரபுன்னை, வெண்கண்டல் மரங்களின் ஊடே போகலாம். நடக்க வேண்டிய அவசியமே இல்லை.

சிதம்பரத்துக்குத் 'தில்லை' என்ற பெயரைக் கொடுத்த தில்லை மரம் இங்கேதான் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையான எரிச்சலும் தற்காலிகப் பார்வை இழப்பும்கூட வரலாம். படகிலிருந்து கை நீட்டி இலை, கிளைகளைப் பிள்ளைகள் ஒடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டுவிட்டால் கண்ணைக் கசக்காமல், சுத்தமான தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

அங்கிருந்து தெற்கே சீர்காழி வழியாகப் போனால் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய கோட்டை, 1706-இல் வந்து இறங்கித் தமிழ் நூல்களை அச்சிட்ட சீகன்பால்குவின் நினைவுகள், பழைய வீதிகள். எல்லாம் சமதளம். பாட்டி மெதுவாகக் கைத்தடியோடு நடந்தே பார்த்துவிடலாம்.

வளைவில் வாந்தி வராமல் இருக்க

கண் ஒன்று சொல்ல, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்று சொல்ல, மூளை குழம்புவதால் வருவதுதான் பயண வாந்தி. வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள், பூரி கிழங்கோடும் ஏறாதீர்கள். இரண்டு இட்லி போதும். வாந்தி வருகிறவரை முன் சீட்டில் உட்கார வைத்து, தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். செல்போன் பார்க்கக் கூடாது. புறப்படுவதற்கு அரை மணி முன்பு சிறு துண்டு இஞ்சியை உப்புத் தொட்டு மெல்லலாம். ஏலக்காய், உப்பு நார்த்தங்காய் வாயில் அடக்கிக்கொள்ளலாம். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பு வகையைத் தவிர்த்து ஏலக்காயோடு நிற்கட்டும்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை "லீவுதானே" என்று விடாதீர்கள். இரண்டு நாள் கூடுதலாகவே எடுத்துப் போங்கள். மருந்துக் கடை பக்கத்தில் இருக்காது. இன்சுலினை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைக்காதீர்கள்.

மலையில் விற்கிற மருந்துகள்

சித்த மருத்துவன் என்பதால் இதைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு. கொல்லிமலையில் ரோமம் மூடிய ஆட்டுக்கால் மாதிரி ஒரு கிழங்கு விற்பார்கள். முடவாட்டுக்கால். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒருவகைப் பெரணியின் கிழங்கு. மிளகு, சீரகம் போட்டுச் சூடாகச் சூப் வைத்துக் குடித்தால் இதமாக இருக்கும். குடியுங்கள். ஆனால், "ஒரு சூப்பு குடிச்சா மூட்டு வலி போயிடும்" என்பதை நம்பி, பாட்டி சாப்பிடும் மருந்தை நிறுத்தாதீர்கள்.

பெயர் தெரியாத வேர், பொடி, லேகியம் எதையும் வாங்கிச் சாப்பிட வேண்டாம். வேலியில் தீப்பிழம்பு போலப் பூத்திருக்கும் செங்காந்தள் நம் மாநில மலர்தான். அதன் கிழங்கோ கொடிய நஞ்சு. மலைத்தேன் நல்லதுதான், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒரு சொட்டுக்கூட வேண்டாம்.

போய் இறங்கியதும் முதல் வேலையாக, ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாம்பு கடித்தால் இறுகக் கட்டுவதும், கீறி விடுவதும், பச்சிலை தேடுவதும் உயிருக்கு ஆபத்து. கடிபட்ட இடத்தை அசைக்காமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கும். குரங்கு கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஊசிக்குப் போங்கள்.

திரும்பி வந்த பிறகு

இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். மலை, புதர், புல்வெளிப் பக்கம் போய் வந்து ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கடும் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி வந்தால், "வைரல் காய்ச்சல்தான்" என்று இருந்துவிடாதீர்கள். புதரில் இருக்கும் மிகச் சிறிய உண்ணி வகைப் பூச்சி கடிப்பதால் 'ஸ்க்ரப் டைபஸ்' என்ற காய்ச்சல் வரும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு போன்ற மறைவிடங்களில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு சிலருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது; அதனால் கண்ணில் படாது.

நேரத்தோடு கண்டுபிடித்தால், டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்தில் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். நாள் கடத்தினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். நிலவேம்புக் குடிநீரை மட்டும் நம்பிக்கொண்டிருக்க வேண்டிய காய்ச்சல் இதுவல்ல. மருத்துவரிடம் போனதும், "டாக்டர், பத்து நாள் முன்னாடி மலைக்குப் போயிருந்தோம்" என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியம் ஒரு உயிரைக் காப்பாற்றும்.

முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு, புல்லில் நேராக உட்காராமல் ஒரு ஜமுக்காளம், அறைக்கு வந்ததும் குளித்து உடை மாற்றுவது, கொதித்து ஆறிய தண்ணீர், கொசுவலை. செலவில்லாத பாதுகாப்பு இவ்வளவுதான்.

இந்த லீவுக்கு இடத்தை முடிவு செய்வதற்கு முன்னால், வீட்டில் உள்ள எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். "உங்களால எவ்வளவு தூரம் நடக்க முடியும்?" என்று முதலில் பாட்டியிடம் கேளுங்கள். அந்தப் பதிலுக்கு ஏற்ற இடம் நம் பக்கத்திலேயே நிச்சயம் இருக்கும்.